கடற்கரை வீட்டில் நாலு நாள்

கல்லூரி வரலாறு என்று எழுதத் தொடங்கினால் அதிபர்களின் பெயர்கள், கட்டடங்கள் திறக்கப்பட்ட ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு வெற்றிகள் என்று ஒரு வரிசை வந்துவிடும். இந்த மலரிலும் அவை உரிய இடத்தைப் பெற்றிருக்கின்றன. ஆனால் பழைய மாணவிகள் இருவர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ சந்தித்துக்கொண்டால், "கீரிமலைக்குப் போனோமே, ஞாபகமிருக்கே?" என்றுதான் பேச்சுத் தொடங்கும். தவணை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், துணைக்கு ஒரு ரீச்சர், சமைக்க ஒரு ஆச்சி, வாடகைக்கு எடுத்த ஒரு வீடு, பக்கத்தில் கடல். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பலர் அறிந்த இந்த வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

அந்தக் கரைக்கு நீராட வந்து தங்கியவர்களில் கதைகளில் முதலில் பேசப்படுபவளே ஒரு பெண்தான். குதிரை முகத்தோடும் தீராத நோயோடும் துன்பப்பட்ட மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி, பரிவாரத்தோடு வந்து கீரிமலையில் தங்கித் தீர்த்தமாடிக் குணமடைந்தாள் என்பது ஐதீகம். குதிரை முகம் நீங்கிய ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்குள்ள கோயிலுக்குக் காங்கேயன் திருவுருவம் வந்து இறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று. யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் இந்தக் கதையைச் சின்ன வயதில் கேளாதவர் நம்மில் குறைவு.

கீரிமலைத் தண்ணீரின் சிறப்புக்கு நிலத்தடியில் ஒரு காரணம் இருக்கிறது. வற்றாத ஆறு ஒன்றில்லாத குடாநாடு நம்முடையது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்கி, மெல்ல மெல்லக் கரையை நோக்கி நகர்கிறது. அப்படி வரும் நீர் கடலின் வாசலிலேயே ஊற்றெடுக்கும் இடம் கீரிமலை. கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நன்னீர்.

அங்கே கேணி இரண்டு. ஆண்களுடையது பெரியது, கடலைப் பார்த்தபடி திறந்து கிடப்பது. பெண்களுடையது சிறியது, மதில் சூழ்ந்தது. உள்ளே குளிப்பவர்களுக்கு அலையின் சத்தம் கேட்கும், கடல் தெரியாது. கடல் சூழ்ந்த நாட்டில் பிறந்தும் நம் பெண்களுக்குக் கடலோடு இருந்த உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்காகத் தீர்த்தமாட வரும் குடும்பத்தோடு ஒருநாள் கடலைப் பார்க்கலாம். மற்றப்படி பெண்பிள்ளைக்குக் கடற்கரையில் என்ன வேலை என்பதுதான் வீட்டுக் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் வாடகை வீடு. நாலு மதில், ஒரு படலை, சொந்தக் கிணறு, வளவின் பின்பக்கத்தால் கடலுக்கு இறங்க ஒரு ஒழுங்கை. இவ்வளவும் இருந்தால் தாய்மார் சம்மதிப்பார்கள். அதுவும் உடனே அல்ல. "ஆர் ஆர் போகினம்? ரீச்சரும் வாறாவோ? இரவிலை கதவு பூட்டுவினமோ?" என்று விசாரணை நடக்கும். தனியே போக முடியாத பெண் பன்னிரண்டு பேரோடு போகலாம். கூட்டம் சேர்ந்தது செலவைக் குறைக்க மட்டுமல்ல. அந்தக் கூட்டம்தான் அனுமதிச்சீட்டு.

போய்வரும் வழியைத் திறந்தது புகையிரதம். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பாதை 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் கொழும்புவரை தொடர்பு கிடைத்தது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஸ்ரேசன்களை ஒப்புவித்தபடி போனவர்களுக்கு அந்தப் பெயர்கள் இன்றும் வாய்ப்பாடு. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு கொழும்பில் படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் அதே பாதையின் கடைசி ஸ்ரேசன்வரை வந்து சேர்ந்துகொண்டார்கள். 1893இல் எழுந்த வெளிச்சவீடும், 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் காங்கேசன்துறையின் அடையாளங்களாக நின்றன. ரயிலைத் தவறவிட்டவர்களுக்குத் தட்டிவான் இருந்தது.

வீடுகள் பெரும்பாலும் வெளியூரில் உத்தியோகம் பார்த்தவர்களுடையவை. ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடக்கும். திறப்பு அயல்வீட்டில் இருக்கும். தளபாடம் என்று அதிகம் இராது. பாய், தலையணை, லாம்பு, சருவம், கிடாரம் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். இரவில் விறாந்தையிலும் மண்டபத்திலும் வரிசையாகப் பாய் விரித்தால் யார் கெட்டிக்காரி, யார் வசதியான வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அடையாளமற்றுப் போகும். வகுப்பில் வாய் திறவாதவள் அங்கே பாடுவாள். வெள்ளைச் சேலையில் மட்டுமே கண்ட ரீச்சர், குறுக்குக்கட்டோடு அலைக்குள் நின்று கைதட்டுவா.

எந்த மாதம் போவது என்பதைக் காற்றுத் தீர்மானித்தது. ஓகஸ்ட் விடுமுறையில் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வடகரைக் கடல் அடங்கியிருக்கும். வாடை தொடங்கிய மார்கழியில் அலை கரையை அறையும். அப்போது மதிலுக்கு உள்ளேயிருந்து பார்ப்பதோடு சரி. அலைக்கு அஞ்சியவர்கள் காரைநகர் கசூரினாவை விரும்பினார்கள். அங்கே நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. காலையில் கரைக்கு வரும் மீனும் நண்டும் றாலும், ஊரிலிருந்து கட்டிவந்த ஒடியல் மாவும், பயிற்றங்காயும், பலாக்கொட்டையும் ஒரே கிடாரத்தில் சேர்ந்து பின்னேரம் கூழாகும். சைவப் பிள்ளைகளுக்கு வேறு சட்டியில் மரக்கறிக் கூழ். பனையோலைப் பிளாவில் ஊற்றி, உறைப்பில் கண்ணீர் வர, சுற்றியிருந்து குடிப்போம். இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் நம் சங்கக் கிளைகள் கோடை ஒன்றுகூடலில் பூங்காக்களில் கூழ் காய்ச்சுவது அந்தக் கிடாரத்தின் தொடர்ச்சிதான்.

1990 ஜூனில் இவை யாவும் ஒரே வாரத்தில் நின்றன. புகையிரதம் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். கரையோரம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. நமக்கு இழப்பு ஒரு விடுமுறை. அவர்களுக்கு வீடு, வளவு, கிணறு, தொழில். நமக்குத் திறப்புத் தந்த அயலவரும், மீன் கொண்டுவந்த அம்மாவும், விறகு கொத்திய ஐயாவும் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி நிலையங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்களைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊர் சில மைல் தூரத்தில், போகத்தான் முடியாது.

போர் 2009இல் முடிந்தபின் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு மீண்டும் ரயில் வந்தது. கேணியில் மக்கள் நீராடுகிறார்கள். ஆனால் திரும்பிப் போன பலருக்கு வீடு இருந்த இடத்தில் பற்றையும் கல்லுமே மிஞ்சின. மதில் இல்லை, படலை இல்லை, எது யாருடைய வளவு என்று சொல்ல ஒரு மரம்கூட இல்லை. அதே கரையில் இராணுவம் நடத்தும் உல்லாச விடுதியும் ஜனாதிபதிக்கென்று கட்டிய மாளிகையும் எழுந்தன. இன்னும் காணி கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் பழைய மாணவிகளாகிய நமக்கு ஒரு வேலை இருக்கிறது. 1990க்கும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்கும் இடையில் ஊரிலிருந்த படங்களில் எத்தனையோ அழிந்துவிட்டன. தப்பியவை முன்னதாகவே வெளிநாடு போனவர்களின் அல்பங்களில் இருக்கின்றன. கிணற்றுக்கட்டில் சாய்ந்து சிரித்தபடி நீங்கள் எடுத்துக்கொண்ட படத்தில் நீங்கள் பார்ப்பது உங்கள் சிநேகிதிகளை. உங்களுக்குப் பின்னால் தெரியும் தூணும் ஓடும் படலையும் ஒரு குடும்பத்தின் வீடு. அந்த வீட்டுக்கு உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே படம் அதுவாக இருக்கலாம்.

ஆகையால் அல்பத்தைத் திறவுங்கள். படத்தின் பின்புறத்தில் ஆண்டு, நின்றவர்களின் பெயர், யாருடைய வீடு, எந்த ஒழுங்கை என்று தெரிந்த அளவுக்குப் பென்சிலால் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறிவிடும். இரண்டு பக்கத்தையும் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்காரரின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும். அன்று நாலு நாள் தங்குவதற்குக் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு, அந்த வாடகைக்கு மேலே நாம் கொடுக்கக்கூடியது இது.