பெங்களூரும் பனிச்சரிவும்

கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே, மார்கழிக் குளிரையே பெரிதாகப் பேசிக்கொள்ளும் பெங்களூருக்கும் காரகோரத்தின் பனிச்சரிவுகளுக்கும் சம்பந்தம் உண்டென்றால், அது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையின் வாயிலாக ஏற்பட்டதேயாகும். இமயச் சிகரங்களில் இறங்கியேறத் தக்க ஹெலிகாப்டர் வேண்டுமென்று நம் ராணுவம் கேட்டதன் விளைவாகவே, பிரெஞ்சுக்காரர்கள் அலுவெட் வகை இரண்டின் அங்கங்களை இணைத்து லாமாவை நிர்மாணித்தனர். 1972 ஜூனில் அது 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தது. உச்சியில் எஞ்சின் அணைந்துவிட, விசிறியின் சுழற்சியை மட்டும் நம்பி விமானி ழான் பூலே தரையிறங்கியது சாதனையினும் விந்தை. அவ்வாண்டு அக்டோபரில், பெங்களூரில் பொருத்தப்பட்ட முதல் யந்திரம் சீட்டா என்ற நாமத்துடன் பறந்தது.

1984 ஏப்ரலில் காரகோரத்தின் சியாச்சின் பனியாற்றை நம் சேனை வசப்படுத்தியபின், உச்சிக் காவல்களுக்குச் சீட்டாவே ஜீவநாடியாயிற்று. அங்கே துப்பாக்கியைவிடக் கொடிய சத்துரு பனியே: பலமற்ற பழைய அடுக்கின்மேல் காற்று குவித்த புதுப்பனி, முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சரிவுகளில், ஒருவனது காலடி பாரத்துக்கே பெயர்ந்து விழும்.

2016 பிப்ரவரி 3இல், 19,600 அடி உயரத்துச் சோனம் காவலின்மேல் பனிச்சுவர் இடிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்களைப் புதைத்தது. நால்வர் தமிழ்நாட்டினர், மூவர் கர்நாடகத்தார். ஆறு நாட்களுக்குப்பின், மோப்ப நாய்களின் துணையால், தார்வாடு ஜில்லாவின் ஹனுமந்தப்பா மட்டும் உயிருடன் அகப்பட்டார். ஹெலிகாப்டரில் இறக்கி டில்லிக்குக் கொண்டு சென்றும், பிப்ரவரி 11இல் காலமானார்.