காந்தலும் காந்தமும்

அடுப்பில் மறந்துவிட்ட சோறு அடிபிடித்துக் கருகினால் அதற்குக் காந்தல் என்று பெயர். மிளகாய் அரைத்த கை காந்தும். பசி முற்றினால் வயிறு காந்தும். எரிதல், சுடுதல், கருகுதல் என்ற பொருள்களை எல்லாம் தாங்கி நிற்கும் இந்தக் ‘காந்து’, காய்தல், காய்ச்சல் முதலிய சொற்களோடு உறவுடைய தமிழ்ச் சொல். இரும்பை இழுக்கும் கல்லுக்கோ காந்தம் என்று பெயர். பள்ளி அறிவியல் நூலில் மின்னோட்டத்தின் வெப்ப விளைவும் காந்த விளைவும் சேர்ந்தே பேசப்படுகின்றன. ஒரே கம்பி காந்தவும் செய்கிறது, காந்தமாகவும் ஆகிறது. அப்படியானால் இரண்டு சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவையா?

முதலில் காந்தத்தின் பெயரைப் பார்ப்போம். வடமொழியில் அதன் முழுப்பெயர் அயஸ்காந்தம். ‘அயஸ்’ என்றால் இரும்பு. ‘காந்த’ என்பது விரும்புதல் என்னும் பொருள்தரும் ‘கம்’ வேரிலிருந்து வந்தது. விரும்பப்பட்டது, அன்புக்குரியது என்று பொருள். இரும்பின் அன்புக்குரிய கல் அயஸ்காந்தம். லட்சுமிகாந்தன், ரஜினிகாந்த் என்ற பெயர்களின் பின்பாதியும் இதே சொல்தான். தமிழில் இது அயக்காந்தம் ஆயிற்று. இதே அச்சில் வார்த்த வேறு இரண்டு கற்பெயர்களும் உண்டு. கதிரவன் ஒளி பட்டால் தீ உமிழும் என்று நம்பப்பட்டது சூரியகாந்தக்கல். நிலவொளியில் நீர் கசியும் என்று நம்பப்பட்டது சந்திரகாந்தக்கல். மூன்றிலும் பின்சொல் ஒன்றே. எதன் அன்புக்குரிய கல் என்று பிரித்துக் காட்டியது முன்சொல்தான்.

தமிழில் அந்த முன்சொல் உதிர்ந்து, காந்தம் என்று மட்டும் சொன்னாலே இரும்பிழுக்கும் கல்லைக் குறிக்கும் வழக்கு வந்தது. இது நேற்று நடந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் 5ஆம் நூற்பாவில் காந்தம் தனிச்சொல்லாகவே வருகிறது. இரும்புக்கு அங்கே பசாசம் என்று பெயர். காந்தத்தின் முன் இரும்பு இயங்குவதுபோல இறைவன் முன்னிலையில் உயிர்கள் இயங்குகின்றன என்பது உவமை. மலையாளமும் நம்மைப்போலவே காந்தம் என்கிறது. தெலுங்கு இன்னும் முழுப்பெயரைச் சொல்லி அயஸ்காந்தம் என்கிறது. தமிழிலும் பழைய முழுப்பெயர் அடியோடு மறையவில்லை. சித்த மருந்துக் கடையில் அயக்காந்தச் செந்தூரம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இந்தியில் காந்தத்துக்குச் சும்பக், அதாவது முத்தமிடுவது. கிரேக்கர்கள் மட்டும் ஊர்ப்பெயரை வைத்தார்கள். மக்னீசியா என்ற பகுதியில் கிடைத்த கல் என்பதால் மேக்னட்.

காந்து என்னும் தமிழ் வினையிலிருந்தே காந்தம் பிறந்தது என்று சொல்வோரும் உண்டு. ஒலி ஒற்றுமை அப்படி எண்ணத் தூண்டுகிறது. ஆனால் காந்தக்கல் சுடுவதில்லை, எரிவதில்லை. அயம், சூரியன், சந்திரன் என்று மூன்று முன்சொற்களோடும் ‘விரும்பப்பட்டது’ என்ற பொருளே பொருந்துகிறது; ‘எரிவது’ என்ற பொருள் நிலவுக்கும் இரும்புக்கும் பொருந்தவில்லை. ஆகவே ஒலி ஒன்று, வேர் இரண்டு என்பதே என் துணிபு.

சொற்களில் நேர்ந்த இந்த மயக்கம் ஆய்வுக்கூடத்திலும் ஒருமுறை நேர்ந்தது. 1820ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் அர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்குமா என்று பார்க்க விரும்பினார். கம்பி சூடேறி ஒளிரும்போது வெப்பத்தோடும் ஒளியோடும் காந்த ஆற்றலும் சேர்ந்து வெளிப்படும் என்பது அவர் எண்ணம். அதனால் எளிதில் பழுக்கக்கூடிய மிக மெல்லிய பிளாட்டினக் கம்பியைத் தேர்ந்தெடுத்து, திசைகாட்டியின் மேல் வைத்து மின்னோட்டம் செலுத்தினார். ஊசி அசைந்தது, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெரிதாகக் கவனிக்காத அளவுக்குச் சிறிய அசைவு. சில மாதங்கள் கழித்து வலிமையான மின்கல அடுக்கோடும் தடித்த கம்பியோடும் செய்தபோது ஊசி நன்றாகத் திரும்பியது. மெல்லிய கம்பியின் மின்தடை மிகுதி. அதில் மின்னோட்டம் குறைகிறது. ஊசியைத் திருப்புவது மின்னோட்டமே. கம்பியின் சூட்டுக்கு அதில் பங்கில்லை. காந்துவது வேறு, காந்தமாவது வேறு என்று இயற்கையே அவருக்குப் பிரித்துச் சொன்னது. அவ்வாண்டு ஜூலை 21 அன்று இதை லத்தீன் மொழியில் சிறு வெளியீடாக அச்சிட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார்.

வெப்பத்தின் கணக்கை 1841இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் வகுத்தார். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், நேரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் வெப்பம் நான்கு மடங்காகும். கம்பியைச் சுற்றிய காந்தப்புலமோ இரண்டு மடங்குதான் ஆகும். மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்தால் ஊசி எதிர்ப்புறம் திரும்பும், வெப்பம் மாறுவதில்லை. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வேறுபாடுகளில் இந்த இரண்டும் புரிந்தால் போதும், மற்றவை தாமே விளங்கும்.

வெப்பமும் காந்தமும் கைகோத்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் வீட்டிலுள்ள சாதாரண ரைஸ் குக்கரைப் பாருங்கள். அடியிலுள்ள சுருள் மின்னோட்டத்தால் சூடேறிச் சோற்றை வேகவைக்கிறது. நடுவில் சுருள்வில்லின் மேல் ஒரு சிறு குமிழ், பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒரு ஃபெர்ரைட் துண்டும், அதைப் பற்றிக்கொள்ளும் நிலைக்காந்தமும் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் காந்தம் ஃபெர்ரைட்டோடு ஒட்டி, சுவிட்சைப் பிடித்து வைக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு அதைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் தன் காந்தத் தன்மையை இழக்கும்படி செய்யப்பட்டது அந்த ஃபெர்ரைட். பிடி விடுகிறது, வில் தள்ளுகிறது, ‘டக்’கென்று பொத்தான் எழும்பிக்கொள்கிறது. சோறு காந்துவதற்கு முன்னால் காந்தம் விலகிவிடுகிறது.

சூடேறினால் காந்தம் தன்மை இழக்கும் என்பதை 1600இலேயே வில்லியம் கில்பர்ட் எழுதிவைத்தார். ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் அதற்கான வெப்பநிலை உண்டு என்று பின்னாளில் ஆராய்ந்தவர் பியர் கியூரி. அந்த வெப்பநிலை அவர் பெயரால் வழங்குகிறது. இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் கரும்பலகையில் காந்தல், காந்தம் என்ற இரண்டு சொற்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று எரிவது, மற்றது விரும்பப்படுவது என்று பொருளைச் சொல்லிவிட்டு, ஒரு மின்கலத்தையும் கம்பியையும் திசைகாட்டியையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல்லிலிருந்து பாடத்துக்குள் நுழையும் பிள்ளைக்குச் சூத்திரம் அச்சம் தராது.