கரியமில வாயுச் செலவுப் பகிர்வுச் சட்டம் (ஜெர்மனி)

வீடுகளைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் மீது ஜெர்மனி அரசு 2021இல் டன்னுக்கு 25 யூரோ என விதித்த கரியமில விலையை, அதாவது எரிபொருள் வெளியிடும் கரியமில வாயுவின் எடைக்கேற்ப வாங்கப்படும் கட்டணத்தை, வாடகைதாரரும் வீட்டு உரிமையாளரும் பங்கிட்டுக்கொள்ள வகை செய்து 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. அதுவரை முழுச்சுமையும் வாடகைதாரர் தலையிலேயே விழுந்தது. பழைய கொதிகலனை மாற்றவோ குளிர் புகும் சுவருக்குக் காப்புப் பூச்சு போடவோ அவருக்கு அதிகாரமில்லை என்பதால் அது அப்பட்டமான அநீதி.

குடியிருப்புக் கட்டடங்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுதோறும் வெளியிடும் வாயுவின் அளவைக் கொண்டு பத்துப் படிகளாகப் பிரிக்கப்படுகின்றன: 12 கிலோவுக்குக் குறைந்தால் கட்டணம் முழுவதும் வாடகைதாரருடையது, 52 கிலோவை எட்டினால் 95 விழுக்காடு உரிமையாளருடையது. மரபுச்சின்னப் பாதுகாப்பு போன்ற விதிகள் சீரமைப்பைத் தடுக்கும் கட்டடங்களில் உரிமையாளரின் பங்கு பாதியாகும், சிலவற்றில் முற்றிலும் நீங்கும். தம் அடுக்ககத்துக்குரிய தனிக் கொதிகலனுக்கு எரிவாயுவை நேரடியாக வாங்குபவர், உரிமையாளரின் பங்கைத் தாமே கணக்கிட்டுக் கேட்டுப் பெற வேண்டியிருப்பது, விவரமறியாத முதியோரையும் புதுக்குடியேறிகளையும் கைவிட்டுவிடும் பெருங்குறை.