அசல் எது, நகல் எது? லோட்டஸ் செவன் காரின் வீட்டு வரலாறு

பழைய பந்தயக் கார்களின் நகலை வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கம் பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ளது. வாகன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுகின்றனர். ஆலையில் பிறந்தது அசல், வீட்டில் பிறந்தது போலி என்பது அவர்கள் கொள்ளும் பாகுபாடு. மிகுதியாக நகலெடுக்கப்பட்ட கார்களுள் ஒன்றான லோட்டஸ் செவனின் வரலாறு இப்பாகுபாட்டுக்கு இடம் தரவில்லை.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பொறியியல் பயின்றவர். பழைய ஆஸ்டின் செவன் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னிருந்த கொட்டகையில் 1948இல் தமது முதற்காரை உருவாக்கினார். 1957இல் லோட்டஸ் செவன் வெளிவந்தது. எஃகுக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் அலுமினியத் தகடு, ஃபோர்டு எஞ்சின் ஆகியவற்றால் ஆன மிக இலேசான கார் அது. சாலையில் ஓட்டும் காரையே பந்தயக் களத்துக்கும் கொண்டுசெல்ல முடிந்தது.

அதன் பரவலில் வரிச்சட்டத்துக்கும் பங்குண்டு. 1940இல் பிரிட்டன் விதித்த கொள்முதல் வரி முழுமையாகப் பூட்டப்பட்ட புதிய கார்களுக்கு உண்டு. உதிரிபாகத் தொகுப்புக்கு இல்லை. ஆகவே பாகங்களாக வாங்கித் தாமே பூட்டியவர் ஏறத்தாழப் பாதி விலையில் கார் பெற்றார். பூட்டும் முறையை எழுதித் தரலாகாது என்றது விதி. பிரிக்கும் முறையைப் பற்றி அது ஏதும் கூறவில்லை. எனவே பிரிக்கும் முறைக் குறிப்பே உடன் அனுப்பப்பட்டது. வாங்கியவர் அதனைக் கடைசியிலிருந்து முதல்வரை பின்பற்றினால் போதும்.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அச்சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. வரி ஒன்றே காரணமாயிருப்பின் வீட்டில் கார் கட்டுவது அத்துடன் நின்றிருக்கும், நிற்கவில்லை. 250 பவுண்டு செலவில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் வழியை விளக்கி 1996இல் ரான் சாம்பியன் ஒரு நூல் எழுதினார். எஃகுக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துச் சட்டகம் அமைப்பது, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் எஞ்சினை அதில் பொருத்துவது ஆகியவற்றை அது கற்பித்தது. செவனின் சாயல்கொண்ட அக்கார்கள், குறைந்த செலவு என்னும் பொருள்பட, ‘லோகாஸ்ட்’ எனப் பெயர்பெற்றன. அவற்றுக்கெனத் தனிப் பந்தயமும் தோன்றியது.

அரசு இவற்றைத் தடைசெய்யாமல் நெறிப்படுத்தியது. வீட்டில் கட்டிய கார் ஒவ்வொன்றும் தனித்தனியே சோதனையில் தேற வேண்டும் என்ற ஏற்பாடு 1998இல் வந்தது. வயதோ அடையாளமோ உறுதிப்படாத காரின் பதிவெண் ‘கியூ’ என்னும் எழுத்தில் தொடங்குகிறது.

அந்த எழுத்து ஆய்வாளரின் கவனத்துக்குரியது. கொட்டகையில் தொடங்கி, வாங்கியவர் கையால் நிறைவுற்ற ஒரு காருக்கு ஒற்றை மூலத்தைத் தேடுவது, பல படிகளாகக் கிடைக்கும் சுவடிக்கு ஒரே மூலபாடத்தைத் தேடுவது போன்றது. ஆலைப் பதிவேடுகளை மட்டும் சான்றாகக் கொண்டால், வெட்டவும் பற்றவைக்கவும் தாமே கற்றவர்களின் அறிவு வரலாற்றில் இடம்பெறாமற்போகும். அவர்களின் குறிப்பேடுகளும் ரசீதுகளும் புகைப்படங்களும் ஆவணங்களே. அவற்றை நூலகங்கள் சேகரிக்காவிடில், கட்டியவர்களின் காலத்தோடு அவையும் மறைந்துவிடும்.