மாணவர் தேர்ச்சியும் பழக்கங்களும்: அடிப்படைப் புள்ளியியல்

மாணவரின் மதிப்பெண், வருகை, வீட்டில் படிக்கும் நேரம், உறக்கம் போன்றவற்றைத் திரட்டி, சராசரி, பரவல், ஒட்டுறவு முதலிய எளிய அளவைகளால் ஆராய்வது கல்விப் புள்ளியியலின் தொடக்கநிலைப் பகுதி. ஒரு வகுப்பு எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு எந்தப் பாடத்தில் உதவி தேவை, எந்தப் பழக்கம் தேர்ச்சியோடு சேர்ந்து காணப்படுகிறது ஆகிய கேள்விகளுக்கு இது விடை தேடுகிறது. இதற்கு வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, ஒரு வரைபடத்தாள் ஆகியவை போதும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவை ஒன்பதாம் வகுப்பிலும், வீச்சு, திட்டவிலக்கம், மாறுபாட்டுக் கெழு ஆகியவை பத்தாம் வகுப்பிலும் கற்பிக்கப்படுகின்றன.

வரலாறு

தேர்வு மதிப்பெண்ணைப் புள்ளியியல் நோக்கில் முதலில் ஆராய்ந்தவர்களுள் இங்கிலாந்தின் எட்ஜ்வொர்த் குறிப்பிடத்தக்கவர். ஒரே விடைத்தாளுக்கு இரு திருத்துநர்கள் வேறுவேறு மதிப்பெண் இடுவதையும், தேர்ச்சிக் கோட்டின் அருகில் நிற்போரின் முடிவில் தற்செயலுக்குப் பெரும் பங்கு இருப்பதையும் அவர் 1888இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 1904இல் சார்லஸ் ஸ்பியர்மேன், பள்ளி மாணவர்கள் வெவ்வேறு பாடங்களில் பெற்ற இடங்களை ஒப்பிட்டார். ஒரு பாடத்தில் முன்னிற்பவர் பிற பாடங்களிலும் முன்னிற்கும் போக்கு உடையவர் என்று அவர் கண்டார். தர ஒட்டுறவுக் கெழு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இந்தியாவில் மாநில அளவிலான கற்றல் நிலையை அறியத் தேசிய அடைவு ஆய்வு நடத்தப்படுகிறது. 2021 நவம்பர் 12இல் நடந்த சுற்றில் 3, 5, 8, 10ஆம் வகுப்பு மாணவர்கள் பங்கேற்றனர். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ஏசர் ஆய்வு வீடுவீடாகச் சென்று குழந்தைகளைச் சோதிக்கிறது. முன்னது பள்ளியில் இருப்பவரை அளக்கிறது. பின்னது பள்ளிக்கு வராதவரையும் கணக்கில் சேர்க்கிறது. இரண்டின் முடிவுகளும் ஒத்துப்போகாதபோது இந்த வேறுபாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

மைய அளவைகள்

மதுரை வண்டியூர்ப் பகுதியில் பத்தாம் வகுப்பு மாணவர் 11 பேர், அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் பெற்ற மதிப்பெண்கள் ஏறுவரிசையில் 28, 33, 36, 38, 41, 44, 47, 55, 61, 91, 98 எனக் கொள்ளலாம். இது விளக்கத்துக்கான கற்பனைப் பட்டியல். இவற்றின் கூடுதல் 572, சராசரி 52. நடுவில் நிற்கும் ஆறாவது மதிப்பெண்ணான 44 இடைநிலை அளவு. இரண்டுக்கும் இடையே 8 மதிப்பெண் இடைவெளி இருப்பதற்குக் காரணம் 91, 98 என்ற இரண்டு உயர் மதிப்பெண்கள். அவற்றை நீக்கினால் மற்ற ஒன்பது பேரின் சராசரி 43க்கும் கீழே இறங்கிவிடும். 11 பேரில் 7 பேர் சராசரிக்குக் கீழே இருக்கின்றனர். “வகுப்புச் சராசரி 52” என்று மட்டும் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகளின் நிலை மறைந்துபோகும். மதிப்பெண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் வகுப்பில் இடைநிலை அளவே பொருத்தமானது.

தேர்ச்சி விழுக்காடும் இதேபோல் பலவற்றை மறைக்கும். தமிழ்நாட்டில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் தேவை. மேற்கண்ட பட்டியலில் இருவர் தவறியதால் தேர்ச்சி 82 விழுக்காடு. 36 பெற்றவர் இரண்டு மதிப்பெண் குறைவாக எடுத்திருந்தால் அது 73 ஆகியிருக்கும். 28 பெற்றவருக்கும் 33 பெற்றவருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்ல என்பதும் இந்த எண்ணில் தெரியாது. 35ஐ ஒட்டி இருபுறமும் நிற்போரைத் தனியே பட்டியலிட்டால் திருப்புதல் தேர்வுகளுக்கு முன் சிறப்பு வகுப்பு யாருக்குத் தேவை என்பது தெளிவாகும்.

பரவல்

மதிப்பெண்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதைப் பரவல் அளவைகள் காட்டும். மேற்கண்ட பட்டியலில் வீச்சு 70. முதல் கால்மானம் 36, மூன்றாம் கால்மானம் 61. அதாவது வகுப்பின் நடுப்பாதி 25 மதிப்பெண் இடைவெளிக்குள் அடங்குகிறது. திட்டவிலக்கம் ஏறத்தாழ 22, மாறுபாட்டுக் கெழு 42 விழுக்காடு. அதே 52 சராசரியும் 8 திட்டவிலக்கமும் உள்ள இன்னொரு பிரிவில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே நிலையில் இருப்பார்கள். அங்கே ஒரே வேகத்தில் பாடம் நடத்தலாம். முதல் பிரிவிலோ குழுக்களாகப் பிரித்துக் கற்பிப்பதே பயன் தரும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இந்த அடிப்படையில்தான்.

தரவரிசை பரவலை மறைத்துவிடும் அளவை. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள தூரம் ஒரு மதிப்பெண்ணா இருபதா என்பதை ரேங்க் சொல்வதில்லை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பை 2017இல் தமிழ்நாடு அரசு கைவிட்டது.

எடையிட்ட சராசரி

அளவில் வேறுபட்ட குழுக்களின் விழுக்காடுகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது பரவலாகச் செய்யப்படும் பிழை. 2024ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் மாணவியர் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர் தேர்ச்சி 92.37 விழுக்காடு. இரண்டின் நேர்ச் சராசரி 94.41, அறிவிக்கப்பட்ட மொத்தத் தேர்ச்சியோ 94.56. தேர்வு எழுதிய 7,60,606 பேரில் மாணவியர் 4,08,440 பேர், மாணவர் 3,52,165 பேர் என்பதால் பெரிய குழுவின் பக்கம் மொத்தம் சாய்ந்தது. ஒரு மாவட்டத்தின் பள்ளிகளை ஒப்பிடும்போதும் இதே விதி பொருந்தும்.

பெருந்தொற்றுக் காலத்தில் எடையிட்ட சராசரி மாநிலம் முழுவதற்கும் பயன்பட்டது. 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் எடை தரப்பட்டது. 2021இல் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்வுக்கு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு, அகமதிப்பீட்டுக்கு 30 என்று விழுக்காடு வகுக்கப்பட்டது. ஒருவருக்கு இவை முறையே 90, 70, 95 என்றால் இறுதி மதிப்பெண் 45 + 14 + 28.5 = 87.5.

எடை தாளில் எவ்வளவு என்பதோடு, அந்தப் பகுதியின் பரவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் வருகையில் 90க்கும் 98க்கும் இடையே இருந்தால், 20 விழுக்காடு எடை மாணவரிடையே அதிகபட்சம் 1.6 மதிப்பெண் வேறுபாட்டையே உண்டாக்கும். மீதி வேறுபாடு முழுவதும் தேர்வு மதிப்பெண்ணிலிருந்தே வரும். அகமதிப்பீட்டில் எல்லாருக்கும் ஏறத்தாழ முழு மதிப்பெண் இடும் பள்ளியிலும் நிலைமை இதுவே.

வெவ்வேறு தேர்வுகளை ஒப்பிடுதல்

தமிழில் 70, கணக்கில் 61 பெற்ற மாணவர் தமிழில் மேலானவர் என்று தோன்றும். வகுப்பின் தமிழ்ச் சராசரி 72, திட்டவிலக்கம் 8 என்றும், கணக்கில் அவை 52, 22 என்றும் இருந்தால் முடிவு மாறும். மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் தமிழில் -0.25, கணக்கில் +0.41 கிடைக்கும். வகுப்போடு ஒப்பிட்டால் அவர் கணக்கில்தான் முன்னே நிற்கிறார்.

சதமானம் என்பது ஒருவருக்குக் கீழே எத்தனை விழுக்காட்டினர் இருக்கின்றனர் என்பதைக் குறிப்பது. இதைச் சதவீதத்தோடு குழப்பிக்கொள்வதுண்டு. நீட் தேர்வில் பொதுப்பிரிவுக்கான தகுதி 50ஆவது சதமானம். 2023இல் அதற்குரிய மதிப்பெண் 720க்கு 137. சதவீதத்தில் அது 20ஐக்கூட எட்டவில்லை.

பழக்கங்களும் ஒட்டுறவும்

வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவைக் காண எளிய வழி சிதறல் விளக்கப்படம். கிடையச்சில் வருகை விழுக்காட்டையும் நிலையச்சில் மதிப்பெண்ணையும் குறித்து, ஒரு மாணவருக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் இடக்கீழிருந்து வலமேலாக ஏறினால் நேர் ஒட்டுறவு. இறங்கினால் எதிர் ஒட்டுறவு. ஒட்டுறவுக் கெழுவின் மதிப்பு -1க்கும் +1க்கும் இடையே அமையும். ஆசிரியருக்குக் கெழுவைவிடப் படத்தின் மூலைகளே கூடுதல் செய்தி தரும். ஒரு நாளும் தவறாமல் வந்தும் குறைவாக மதிப்பெண் பெறும் பிள்ளை வலக்கீழ் மூலையில் இருக்கும்; அதற்குத் தேவை கற்பிக்கும் முறையில் மாற்றம். இடக்கீழ் மூலையில் உள்ள பிள்ளை ஏன் வருவதில்லை என்பதை வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டியிருக்கும்.

வருகை விழுக்காட்டைக் கணக்கிடும்போது வகுக்கும் எண் பள்ளியின் வேலை நாள்களாக இருக்க வேண்டும். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. அந்த நாள் கணக்கில் வராது. விடுமுறைக்கு முன்பின் வரும் நாள்களில் வருகை குறைவது இயல்பு. அந்த வாரத்தை மட்டும் பார்த்து ஒரு மாணவரை ஒழுங்கற்றவர் என்று முடிவு கட்டக் கூடாது.

ஒட்டுறவு காரணத்தை நிறுவாது. நீண்டநாள் நோயுற்ற குழந்தைக்கு வருகையும் குறையும், மதிப்பெண்ணும் குறையும். இரண்டுக்கும் காரணம் நோய். பின்தங்கியவரைப் பெற்றோர் டியூஷனுக்கு அனுப்பும் ஊரில், டியூஷன் செல்வோரின் சராசரி செல்லாதவரைவிடக் குறைவாக இருக்கலாம். அதைக் கொண்டு டியூஷன் மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்று சொல்ல முடியாது. படிக்கும் நேரம், கைபேசி பார்க்கும் நேரம், உறங்கும் நேரம் ஆகியவற்றை மாணவரிடமே கேட்டுப் பெறும்போது இன்னும் இரண்டு குறைகள் சேரும். ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையைப் பிள்ளைகள் எழுதுவார்கள். வினாத்தாள் கொடுத்த அன்று பள்ளிக்கு வராதவர், அதாவது யாருடைய பழக்கத்தை முக்கியமாக அறிய வேண்டுமோ அவர், கணக்கில் விடுபடுவார். பெயர் எழுதாமல் விடை பெறுவதும், வராதவரிடம் பின்னர் கேட்பதும் இக்குறைகளைக் குறைக்கும். ஆனால் பெயரில்லாத விடையைத் தனி மாணவரின் மதிப்பெண்ணோடு இணைக்க முடியாது என்பதால், தேவைக்கேற்ப இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முன்–பின் ஒப்பீடு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில் இவற்றுள் பெரும்பாலான பள்ளிகளில் வருகை கூடியது தெரியவந்தது. இத்தகைய முன்–பின் ஒப்பீட்டில், கல்வியாண்டின் தொடக்க மாதங்களையும் தேர்வு நெருங்கும் மாதங்களையும் ஒப்பிட்டால் பருவ வேறுபாடும் திட்டத்தின் விளைவாகத் தோன்றக்கூடும். அதைப் பிரித்தறிய, திட்டம் இன்னும் வராத பள்ளிகளில் அதே மாதங்களில் வருகை எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டு 25இல் மாநிலம் முழுவதுமுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்குத் திட்டம் விரிவாகும் வரை இத்தகைய ஒப்பீட்டுக்கு இடம் இருந்தது.

சராசரியை நோக்கித் திரும்புதல் என்னும் போக்கும் முன்–பின் ஒப்பீட்டில் குறுக்கிடும். 1886இல் பிரான்சிஸ் கால்டன் உயரம் பற்றிய ஆய்வில் இதை விளக்கினார். காலாண்டில் கடைசி பத்து இடத்தில் இருந்தவருள் சிலர் அன்றைய காய்ச்சலாலோ தெரியாத வினாக்களாலோ சறுக்கியவர்கள். அவர்கள் அரையாண்டில் தாமாகவே ஓரளவு மேலே வருவார்கள். இடையில் நடந்த சிறப்பு வகுப்பே முழு உயர்வையும் தந்தது என்று எண்ணினால் அதன் பயன் மிகையாகத் தெரியும்.

வரம்புகள்

சிறிய எண்ணிக்கையில் விழுக்காடு நிலையாக நிற்பதில்லை. 12 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 8 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் சரியும். 300 பேர் எழுதும் பள்ளியில் அது மூன்றில் ஒரு புள்ளி மட்டுமே. நூறு விழுக்காடு தேர்ச்சி பெற்ற பள்ளிகளின் பட்டியலிலும் கடைநிலைப் பட்டியலிலும் சிறிய பள்ளிகள் அதிகம் இடம்பெற இதுவும் ஒரு காரணம். அப்பள்ளிகளை மூன்று, நான்கு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து மதிப்பிடுவதே முறை. அதுபோல் ஒரு மாணவரின் நிலையை ஒரு யூனிட் டெஸ்டைக் கொண்டு தீர்மானிக்காமல், பல தேர்வுகளின் போக்கைக் கொண்டு கணிக்க வேண்டும். தேர்வில் கேட்கப்படாத திறனை எந்த அளவையும் காட்டாது. ஆகவே புள்ளியியல் முடிவு எந்த மாணவரிடம் முதலில் பேச வேண்டும் என்பதைச் சுட்டும். காரணத்தை அந்த மாணவரிடமும் பெற்றோரிடமும் கேட்டே அறிய முடியும்.