வானம் இடிந்து விழுந்ததா?

'ஃபியட் ஜஸ்டிஷியா, ருவாட் சீலம்.' வானமே இடிந்து விழுந்தாலும் நீதி நடக்கட்டும் என்பது இந்த இலத்தீன் வாசகத்தின் பொருள். சட்டம் படிக்கும் தோழர்கள் வகுப்பறையில் கேட்டிருப்பீர்கள்.

இலத்தீனில் இருப்பதால் பண்டைய ரோமானியர் சொன்னது என்று நினைத்துவிடுகிறோம். செனெகா சொன்ன ஒரு கதையோடு இதை இணைப்பார்கள். ஆனால் அந்தக் கதையில் இந்தச் சொற்கள் இல்லை. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இது நூல்களில் தென்படுகிறது. இதற்குப் பெரும் புகழ் தந்தது ஓர் அடிமையின் வழக்கு.

அவர் பெயர் ஜேம்ஸ் சோமர்செட். ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, அமெரிக்காவில் விற்கப்பட்டவர். 1769இல் எஜமானர் சார்லஸ் ஸ்டூவர்ட் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1771இல் சோமர்செட் தப்பினார். மீண்டும் பிடித்து, ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்தார்கள். அவருடைய ஞானப் பெற்றோர் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அடிமைமுறையை எதிர்த்த கிரன்வில் ஷார்ப் வழக்குக்குத் துணை நின்றார்.

நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு தயங்கினார். இங்கிலாந்தில் 14,000க்கும் மேற்பட்ட அடிமைகள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. தலைக்கு 50 பவுண்டு என்றாலும், உடைமையாளர்களுக்கு 7 லட்சம் பவுண்டுக்கு மேல் நட்டம் என்று அவரே கணக்குப் போட்டார். சமரசமாகப் போங்கள் என்றும் தூண்டினார். தீர்ப்புத்தான் வேண்டும் என்றால், வானம் விழுந்தாலும் நீதி நடக்கட்டும் என்றார். 1772 ஜூன் 22 அன்று சோமர்செட் விடுதலையானார்.

வானம் விழவில்லை. தீர்ப்பும் குறுகலானதுதான்: அடிமையை வலுக்கட்டாயமாக நாடு கடத்த முடியாது என்ற அளவோடு நின்றது. காலனிகளில் அடிமைமுறை தொடர்ந்தது. 1833இல் அதை ஒழிக்கச் சட்டம் வந்தபோது எஜமானர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும் எழுதிவைத்தார்கள். தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் பண்ணையடிமைகளாகக் கிடந்த நம் முன்னோர் 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 1843ஆம் ஆண்டுச் சட்டமும் அடிமைமுறையை நீதிமன்றம் ஏற்காது என்றதே தவிர, பண்ணையாள் முறையை ஒழிக்கவில்லை.

நாம் பொதுப்பாதை கேட்டாலும், கோயில் நுழைவு கேட்டாலும் 'ஊர் அமைதி கெடும், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். வானம் விழும் என்று மான்ஸ்பீல்டு அஞ்சியதும் உடைமையாளர்களின் நட்டத்தை எண்ணித்தான். சோமர்செட்டின் காலில் கிடந்த விலங்கு அந்தக் கணக்கில் வரவில்லை. அடுத்த சமாதானக் கூட்டத்துக்கு நம்மை அழைக்கும்போது, யாருடைய அமைதி கெடும் என்று முதலில் கேட்போம்.