கழற்றிப் போட்டதன் கதை

சவ்வாது மலையடிவாரத்துச் சிங்காரப்பேட்டையில் ஒரு மொபெட்டின் கிளட்ச் தேய்ந்துபோனால், அந்தச் செய்தி ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூரில் அதை வரைந்தவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அடுத்த கிளட்ச் இன்னும் நன்றாக வரும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஓடித் தேய்ந்த பாகத்திடம் பாடம் கேட்டு அடுத்ததை வடிவமைக்கும் இந்த வழக்கம் இங்கே வந்து சேர முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அது கிளம்பிய இடம் பட்டறை அல்ல, லண்டனில் ஒரு காபிக் கடை.

கடைக்காரர் எட்வர்ட் லாய்ட். 1680-களில் அவர் கடையில் கப்பல் வணிகர்களும், கப்பலுக்குக் காப்பீடு தருபவர்களும் கூடுவார்கள். கடலுக்குப் போகும் கப்பல் மேல் பணம் வைப்பவருக்கு ஒரே கவலைதான்: மரம் உறுதியா, உளுத்ததா? 1760-இல் அந்தக் காபிக் கடை வட்டாரத்தார் ஒரு சங்கம் சேர்ந்து, சில ஆண்டுகளில் கப்பல் பதிவேடு ஒன்றை அச்சிட்டார்கள். கப்பலின் உடலுக்கு ஏ, இ, ஐ, ஓ, யூ என்று ஆங்கில உயிரெழுத்துகளில் தரம். பாய், கயிறு, நங்கூரம் முதலியவற்றுக்குத் தனித் தரம். கப்பல் கட்டும் தச்சருக்காக யாரும் இதை எழுதவில்லை. பணம் போட்டவருக்காக எழுதினார்கள். சர்வீஸ் குறிப்புகளின் இந்தப் பிறவிக் குணம் இன்றும் முழுதாக மாறவில்லை.

தச்சர் பக்கம் பார்வையைத் திருப்பியது ஒரு விபத்து. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓட ஓட இரும்பின் உள்ளமைப்பே மாறி நொறுங்கிவிடுகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். இளைஞர் வில்லியம் ராங்கின் முறிந்த அச்சுகளையே எடுத்துப் பார்த்தார். அச்சின் தடிமன் சட்டென்று மாறும் கூர்மையான மூலையில் விரிசல் தொடங்கி, மெல்ல மெல்ல உள்ளே போயிருந்தது. மூலையைக் கூராக விடாதே, வளைவு கொடு என்றார். இன்று ஓசூர் லேத் பட்டறையில் 'ரேடியஸ் விடு' என்று சொல்கிறவர் அந்த அறிவுரையைத்தான் திரும்பச் சொல்கிறார்.

ஜெர்மன் ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் இன்னும் ஒரு படி போனார். முறிந்த பிறகு பார்ப்பானேன், ஓடும்போதே அளந்தால் என்ன? தானே செய்த கருவியை வண்டியில் பூட்டி, தண்டவாளத்தில் அச்சு எவ்வளவு வளைகிறது என்று 1850-களின் கடைசியில் பதிவு செய்தார். பிறகு அதே வளைவை ஆய்வுக்கூடத்தில் லட்சக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார். உலோகச் சோர்வு பற்றிய படிப்பு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்த திருப்பம் போரில். 1943-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களின் கணக்கை ஆராய்ந்தார். திரும்பியவை, அந்த அடியைத் தாங்கியவை. அடி படக்கூடாத இடத்தில் பட்டவை திரும்பவே இல்லை. ஆகவே கைக்கு வந்த கணக்கை மட்டும் நம்பினால் தப்பான இடத்தில் கவசம் போடுவோம் என்பது அவர் வாதம். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்த அவர், 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்தார். 

அதே 1950-இல் அமெரிக்கரான டெமிங் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார். ஜப்பானியர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, மறு ஆண்டே அவர் பெயரில் விருது வைத்தார்கள். அந்த விருது 1998-இல் சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டனுக்கு வந்தது. 2002-இல் ஓசூர் டிவிஎஸ் மோட்டாருக்கு வந்தது.  வண்டி ஓட்டுபவர்களும் பாடம் சொன்னார்கள்: 1980-இல் இருவர் போவதற்கென்று வந்த டிவிஎஸ் 50-இல் நம் மக்கள் நெல் மூட்டையையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றினார்கள். அதன் வழிவந்த எக்ஸ்எல் 100-இன் ஒரு வகைக்குப் பெயரே 'ஹெவி டியூட்டி'.

நடுவில் விமானத்துறை ஒரு தந்திரம் செய்தது. 1962-இல் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் எஞ்சினைப் பராமரிக்க, பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தது. பிறகு ரோல்ஸ் ராய்ஸ் அந்த நிறுவனத்தையும் அந்த யோசனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. எஞ்சின் கெட்டால் நட்டம் இப்போது செய்தவருக்கே. பழைய பாகம் சொல்வதைக் கேட்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? 2000-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதுவே முனைவர் பட்ட ஆய்வானது. வடிவமைப்பாளருக்குத் தேவை, எது கெட்டது என்பது மட்டுமல்ல; எப்படிக் கெட்டது, ஏன், அதனால் வேறெது கெட்டது என்பதும்தான். பராமரிப்புக் குறிப்போ பெரும்பாலும் எது மாற்றப்பட்டது என்பதோடு நின்றுவிடும். வாரண்டி கிளெய்முக்கு அவ்வளவு போதுமே!

இன்று ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா. இவர்களின் மின்சார ஸ்கூட்டர்கள் பேட்டரியின் நிலையைத் தாமே கம்பெனிக்குச் சொல்லிவிடுகின்றன. பெட்ரோல் மொபெட் அப்படிச் சொல்லாது. வாரண்டி முடிந்ததும் அது சாலையோர மெக்கானிக்கிடம் போகிறது. அங்கே கழற்றிய பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. வால்ட் தேடிய திரும்பாத விமானங்கள் இவைதாம். வண்டி எப்படிச் சாகிறது என்று நன்றாகத் தெரிந்த அந்த மெக்கானிக்கை எந்தக் கணினியும் கேட்பதில்லை.

கம்பெனி கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் 'பிரேக் ஷூ மாற்றம்' என்று மட்டும் ஜாப் கார்டில் எழுதினால் விடாதீர்கள். எவ்வளவு பாரம், எந்த மலை இறக்கம், எத்தனையாவது கிலோமீட்டரில் சத்தம் வந்தது என்பதையும் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.